கடலுக்குப் போகாத நாட்கள்

பொருளாதார அளவையியல் பேராசிரியை என்று சொன்னால் நாகர்கோவிலில் யாரும் விளக்கம் கேட்பதில்லை. 'பொருளாதாரம்' என்ற பாதி காதில் விழுந்தால் போதும், அடுத்த கேள்வி தயாராக இருக்கும். தங்கம் இறங்குமா? குலசேகரம் பக்கத்து உறவினர் என்றால் ரப்பர் ஏறுமா? அஞ்சுகிராமத்தில் கடை வைத்திருக்கும் என் கணவரின் அண்ணனுக்கு, சாலையோரம் மனை வாங்கிப் போடலாமா வேண்டாமா என்பது. எனக்குத் தெரியாது என்பேன். சத்தியமாகத் தெரியாது. ஆனால் இதுவரை ஒருவரும் நம்பியதில்லை. தெரியும், சொல்ல மனசில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். கல்யாணப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், அவியல் வந்து சேர்வதற்குள் என்னைக் கைவிட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பியிருப்பார்.

உண்மையில் என் பிழைப்பு ஒரே ஒரு சந்தேகத்தை வைத்து நடக்கிறது. இது நடந்ததால்தான் அது நடந்ததா, இல்லை இரண்டும் அதனதன் பாட்டுக்கு ஒரே நேரத்தில் நடந்தனவா? இதைக் கேட்டுக்கொண்டுதான் இத்தனை வருஷமாகக் காலை ரயிலில் திருவனந்தபுரம் போய், சாயங்காலம் திரும்பி வருகிறேன். சந்தேகப்படுவதற்கு மாதச் சம்பளம் வாங்குகிறவள் என்பார் என் கணவர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் அதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிறாள் என்று கூடச் சேர்த்துக்கொள்வார்.

என் பெயர் வெளியூரில் நாலு பேருக்குத் தெரியும் என்றால் அது ஒரே ஒரு கட்டுரையால். அந்தக் கட்டுரையை எனக்குக் கொடுத்தது எங்கள் மாவட்டத்தின் அமைப்புதான். குமரி முனைக்குக் கிழக்கே ஒரு கரை, மேற்கே ஒரு கரை. மீன்பிடித் தடைக்காலம் இரண்டு கரைக்கும் ஒன்றாக வராது. கிழக்கே விசைப்படகுகளைக் கோடையில் கட்டிப்போடுவார்கள், மேற்கே மழைக்காலத்தில். ஒரே மாவட்டம், ஒரே சந்தை, ஒரே சோறு, தடை மட்டும் வேறு வேறு மாதம். பெரிய படகுகள் நிற்கும்போது, தடையில்லாத சின்ன வள்ளக்காரர்களுக்கு நாலு காசு கூடுதலாகக் கிடைக்கிறதா, இல்லையா? கிடைத்தால் அது தடையினால்தானா? இதைக் கண்டுபிடிக்க ஒரு கரையை இன்னொரு கரையோடு வைத்துப் பார்க்கலாம். என் தொழிலில் இருப்பவர்களுக்கு இப்படி ஒரு ஊர் அமைவது கேரள லாட்டரி அடிப்பது போல. நான் அங்கேயே பிறந்தவள். டிக்கெட் கூட வாங்கவில்லை.

சில கடற்கரை ஊர்களைத் தேர்ந்தெடுத்து, வள்ளக்காரர் வீடுகளில் தினமும் போய்க் கேட்கச் சொன்னேன். நேற்றுக் கடலுக்குப் போனீர்களா? போனால் என்ன பிடித்தீர்கள், என்ன விலைக்குப் போனது? தேங்காய்ப்பட்டணம் பக்கத்தில் ஒரு சின்ன ஊரின் பொறுப்பு என் ஆராய்ச்சி மாணவிக்கு. அவள் பிறந்த ஊரே அதுதான். மற்ற மாணவர்கள் என்னை மேடம் என்பார்கள், இவள் மட்டும் டீச்சர் என்பாள். அவர்கள் கரையில் பாடம் சொல்கிற பெண்கள் எல்லாரும் டீச்சர்தான். பல்கலைக்கழகம் வந்தாலும் மாறாது. நானும் மாற்றச் சொல்லவில்லை, கேட்க நன்றாக இருந்தது.

படிவத்தில் முதலில் இன்னொரு கேள்வி இருந்தது. போகவில்லை என்றால் ஏன்? அதை நான்தான் அடித்து நீக்கினேன். எங்கள் தொழிலில் ஏன் என்று ஆளிடம் கேட்பதில்லை. கேட்டால் மனிதர்கள் கேட்டவருக்குப் பிடித்த மாதிரி ஒரு காரணத்தைச் சொல்லிவிடுவார்கள் என்பது எங்கள் பயம். காரணத்தை எண்களிலிருந்து நாங்களே எடுத்துக்கொள்வோம். அதுதான் நேர்த்தி என்று இருபது வயசுப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்துமிருக்கிறேன்.

கட்டுரை வந்தது. பேர் கிடைத்தது. அதே தரவில் அவள் தன் ஆய்வேட்டை எழுதி டாக்டர் பட்டம் வாங்கினாள். கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் வேலைக்கும் சேர்ந்தாள். வேலை இன்னும் நிரந்தரமாகியிருக்கவில்லை.

அப்போதுதான் அந்த மின்னஞ்சல் வந்தது. வெளிநாட்டில் ஒரு இளம் ஆராய்ச்சியாளர். இப்போதெல்லாம் கட்டுரையோடு தரவையும் இணையத்தில் போட்டாக வேண்டும். யார் வேண்டுமானாலும் எடுத்து, நாம் போட்ட கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். அவர் பார்த்திருக்கிறார். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார், இதழின் ஆசிரியருக்கு ஒரு பிரதியும் போட்டிருந்தார். அந்த ஒரு சின்ன ஊரில் மட்டும், நடுநடுவே சில நாட்களில், எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி 'போகவில்லை' என்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இல்லை. திருவிழா இல்லை. தடைக்காலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. செயற்கைக்கோள் பதிவுகளைப் பார்த்தால் அந்த நாட்களில் கடல் அமைதியாகக் கிடந்திருக்கிறது. அடுத்த ஊர் வள்ளங்கள் போயிருக்கின்றன. அந்தப் பதிவுகள் நேரில் கேட்டு எழுதப்பட்டவைதானா என்று உறுதிசெய்ய முடியுமா?

முதலில் கோபம்தான் வந்தது. எங்கள் கடலைப் பற்றி எனக்குச் சொல்ல இவர் யார் என்று ரயிலில் மார்த்தாண்டம் வரைக்கும் மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து தரவைத் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது அத்தனையும் சரி. ஒரு வீடு விடாமல், எல்லாம் பூஜ்யம்.

அது கத்தோலிக்கர் கரை, ஞாயிறு பூசைக்காகக் கடலுக்குப் போகாது என்பது எனக்குத் தெரியும். ஊர்த் திருவிழாவுக்குப் போகாது என்பதும் தெரியும். இரண்டுக்கும் தனித்தனியாகக் குறியீடு போட்டிருந்தேன். இந்த நாட்கள் அவற்றில் எதுவும் இல்லை. நான் வயல்பக்கத்துக்காரி. தேரூர்ப் பக்கம் பிறந்து, கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போக நெல்லும் அறுப்பதைப் பார்த்து வளர்ந்தவள். கடல் எனக்கு வருஷத்துக்கு இரண்டு முறை விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிற இடம்.

அப்புறம் பயம் பிடித்துக்கொண்டது. கணக்கெடுப்பு வேலையில் ஒரு கள்ளத்தனம் உண்டு, இந்தத் துறையில் எல்லாரும் அறிந்ததுதான். 'போனேன்' என்று எழுதினால் மீன், எடை, விலை என்று வரிசையாக நிரப்ப வேண்டும். 'போகவில்லை' என்று எழுதினால் அத்தோடு தீர்ந்தது. வீட்டை விட்டு வெளியே போக முடியாத நாளில், எல்லா வீட்டுக்கும் 'போகவில்லை' என்று போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? என் மாணவி அப்படிச் செய்திருந்தால் கட்டுரை போகும். அது போனாலும் நான் ஓய்வு பெறும் வயசை நெருங்கியவள், எப்படியோ சமாளிப்பேன். அவளுக்குப் பட்டம் போகும், வேலை போகும், பேர் கெட்டுப்போகும். கைப்பிள்ளைக்காரி.

ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்க முடியவில்லை. கேட்டால் அது கேள்வியாக இருக்காது, குற்றச்சாட்டாகத்தான் இருக்கும். அவள் இல்லை என்று சொன்னாலும், அந்த 'இல்லை'யை நான் எப்படி நம்புவது? இத்தனை வருஷம் சம்பளம் வாங்கிய சந்தேகம் என் வீட்டுப் பெண் மாதிரி இருந்தவள்மேல் போய் நின்றது. இதழ் ஆசிரியர் மாதக் கடைசிக்குள் பதில் கேட்டிருந்தார். கணவரிடம் வள்ளென்று விழுந்தேன். அவர் பாவம், சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள் என்றார்.

கடைசியில் நானே அந்த ஊருக்குப் போய், பழைய வீடுகள் ஒன்றிரண்டில் பேச்சுவாக்கில் விசாரித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அவளுக்குத் தெரியக்கூடாது. ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டு, கணவரிடம் கரைக்கே போய் நல்ல மீனாக வாங்கி வருவோம் என்றேன். வடசேரிச் சந்தையில் இல்லாத மீனா என்று கேட்டார். ஆனாலும் பெரிய பையாக இரண்டு எடுத்துக்கொண்டார். காரில் போகும்போது நெய்மீனை என்ன செய்யலாம், சாளையை என்ன செய்யலாம் என்று அவர் பேசிக்கொண்டே வந்தார். யாரிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று நான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

நல்ல வெயில். காற்றே இல்லை. கடல் ஏரி மாதிரிக் கிடந்தது. ஆனால் வள்ளங்கள் அத்தனையும் கரையில் ஏற்றிக் கிடந்தன. ஏலம் போடுகிற இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. மீன் செதில் கூட இல்லை. என் கணவர் காலிப் பைகளோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து பார்த்துவிட்டு, ஒரு சாளை கூட இல்லையே என்று என்னிடமே புகார் சொன்னார். பெட்டிக்கடை வாசலில் ஒரு பெண் நின்றாள். அவள்தான் எங்களைப் பார்த்துப் பேசினாள்.

"இன்னைக்கு மீனு கெடைக்காதும்மா. ஊருல ஒரு சாவு உண்டு. அடக்கம் முடியாம ஒருத்தரும் எறங்கமாட்டாவ."

"எப்பமும் இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"பொறவு எப்படி?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபமோ கிண்டலோ இல்லை. சோற்றை வாயில்தான் வைத்துச் சாப்பிடுவீர்களா என்று கேட்டவளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். எங்கள் வயல்பக்கத்தில் சாவு என்றால் பக்கத்து வீடுகளில் அடுப்பு எரியாது. ஆனால் அறுப்பு நிற்காது. அதனால்தான் எனக்கு அப்படி ஒரு காரணம் தோன்றவே இல்லை. கரையிலும் பெரிய ஊர்களில் அந்த வழக்கம் விட்டுப்போய்விட்டது என்று அந்தப் பெண்ணே சொன்னாள். ஒரு தெருவில் சாவு விழுந்தால் அடுத்த தெரு கடலுக்குப் போய்விடும். இது சின்ன ஊர். இங்கே மொத்த ஊரும் நிற்கிறது. ஒரு வள்ளம் விடாமல்.

நான் பார்த்துக்கொண்டு நின்றது அந்தப் பூஜ்யத்தைத்தான். கடை வாசலில் இருந்த பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சு வலிக்கிறதா என்று கணவர் பதறினார். வலிக்கவில்லை. பல நாட்களுக்குப் பிறகு அப்போதுதான் மூச்சு முழுசாக உள்ளே போனது. அவள் ஏமாற்றவில்லை. என் பிள்ளை ஏமாற்றவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. சாவு விழுந்த ஊரில் உட்கார்ந்து சிரிப்பை அடக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாவு வீடு நாலு எட்டில் இருந்தது. கேள்விப்பட்ட பிறகு முகம் காட்டாமல் திரும்புவது எங்கள் இரண்டு பேருக்கும் சரியாகப் படவில்லை. போனோம். இறந்தவர் வயசான மனிதர். படுக்கையில் அதிக நாள் கிடக்காமல் போயிருக்கிறார். பெண்கள் சுற்றி உட்கார்ந்து செபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் ஓரமாக உட்கார்ந்தேன். அதுவரை அடக்கிவைத்த சிரிப்பு எங்கே போனதோ, அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நான் சட்டென்று அழுகிற ஆள் இல்லை. அன்றைக்கு அந்த வீட்டு ஆட்களைவிட அதிகமாக அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, இறந்துபோன பாட்டாவுக்கு நான் என்ன முறை வேண்டும் என்று மெதுவாகக் கேட்டாள். தெரிந்தவர்கள் என்றேன். வேறு என்ன சொல்வது? யாரோ சுக்குக் காப்பி கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். உரிமையில்லாத காப்பி, ஆனாலும் குடித்தேன்.

நிமிர்ந்தபோது எதிரே என் மாணவி நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் பிள்ளை. அவள் ஊர்ச் சாவு, அவள் வராமல் இருப்பாளா? இதைக்கூட நான் யோசிக்கவில்லை.

அந்தத் தாத்தாவை எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். அவளைக் கோயிலுக்குப் பின்னால் தென்னை நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். மின்னஞ்சலைச் சொன்னேன், அந்த நாட்களைச் சொன்னேன், மீன் வாங்க வந்த கதையையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். இதற்காகவா இவ்வளவு தூரம், ஒரு போன் போட்டிருந்தால் போதுமே என்று சொல்ல ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். நான் ஏன் போன் போடவில்லை என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள்.

"பயந்துட்டேன் மக்ளே," என்றேன்.

"நீங்க ஏன்னு கேக்கல்லியே டீச்சர்," என்றாள். "போனியளா, போவல்லியான்னுதானே உண்டு. கேட்டிருந்தா எழுதியிருப்பேனே."

குரலில் வருத்தம் இருந்தது, ஆனால் கொஞ்சமாகத்தான். என்னைத் தேற்றுகிற தொனிதான் அதிகம் இருந்தது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிள்ளையைக் கணவரிடம் விட்டுவிட்டு இருவரும் கணினி முன்னால் உட்கார்ந்தோம். சந்தேகத்துக்கு உள்ளான நாட்களை நான் ஒவ்வொன்றாகத் திறக்க, அவள் அது யாருடைய நாள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். யோசிக்கவே இல்லை. இது குருசடிப் பக்கத்து அக்கா, பிரசவத்தில் போனவள். இது சவுதியில் இறந்தவர். உடல் வந்து சேர எத்தனையோ நாளாயிற்று, வந்து சேர்ந்த அன்றைக்கு ஊர் நின்றது. இது வலைக்காரர் ஒருவர், சந்தையிலேயே விழுந்தார். இவையெல்லாம் நான் அலை, காற்று, டீசல் விலை என்று எதையெல்லாமோ வைத்து விளக்க முடியாமல் மிச்சமாக ஒதுக்கிவைத்தவை. எங்கள் தொழிலில் அதற்குப் பிழை என்றுதான் பேர்.

ஒரு நாளைத் திறந்தபோது அவள் நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துக்கொண்டாள். திரும்பிப் பார்த்தேன்.

"இது அப்பா," என்றாள்.

அவள் அப்பா இறந்தது அந்தக் கணக்கெடுப்பு நடந்த வருஷத்தில்தான். ஒரு வாரம் கழித்து நான் துக்கம் கேட்கப் போயிருந்தேன். தேதி என் மனதில் நிற்கவில்லை. வெளிநாட்டுக்காரர் குறிப்பாக ஐயப்பட்ட நாட்களில் அதுவும் ஒன்று.

"இது மட்டும் நான் கேக்காம எழுதுனது டீச்சர்," என்றாள். "ஒரு வீட்டுக்கும் போவல்ல. கேக்க வேண்டிய ஆவசியம் இல்ல. எல்லாரும் எங்க வீட்டு முத்தத்துலதான் நின்னாவ."

அவளே தொடர்ந்தாள். அன்றைக்குக் கடல் நன்றாகக் கிடந்ததாம். மீன் கரைக்கே வந்து நின்றதாம், அதைப் பார்த்துக்கொண்டே ஒருத்தரும் போகவில்லையாம். அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் மனதைத் தேற்றிக்கொள்கிறார்களாம். பிறகு, இது தவறு என்றால் இந்த நாளை எடுத்துவிடுங்கள் என்றாள். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

முறைப்படி பார்த்தால் எடுக்கத்தான் வேண்டும். நேரில் கேட்காமல் எழுதிய பதிவு. நான் நடத்துகிற வகுப்பில் ஒரு மாணவன் இதைச் செய்திருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன். ஆனால் அந்த வருஷத்துத் தரவு முழுவதிலும் இவ்வளவு உறுதியாகத் தெரிந்த நாள் வேறு ஒன்று இல்லை என்பதும் எனக்குத் தெரிந்தது. மறைக்கவும் மனசில்லை. மறைத்தால் இத்தனை நாள் நான் பயந்தது நிஜமாகிவிடும். ஆசிரியருக்கும் அந்த வெளிநாட்டுக்காரருக்கும் நடந்ததை நடந்தபடி எழுதினேன். ஊர் வழக்கம், ஒவ்வொரு நாளின் காரணம், அந்த ஒரு நாளில் யாரையும் கேட்காதது, கேட்காததற்குக் காரணம். சாவு நாட்களுக்குத் தனிக் குறியீடு போட்டுக் கணக்கைத் திரும்ப ஓட்டினேன். முடிவு மாறவில்லை. கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்பினேன். அந்த ஒரு பத்தியால் அவளுக்குத் தொந்தரவு வந்துவிடுமோ என்ற பயம் மட்டும் மிச்சமிருந்தது.

பதில் ரயிலில் இருக்கும்போது வந்தது. சாயங்கால நேரம், இரணியல் தாண்டியிருந்தது. நின்றுகொண்டே வாசித்தேன். வெளிநாட்டுக்காரர் நாங்கள் சொன்ன குறியீட்டோடு தாமும் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார், முடிவு நிற்கிறது. ஆசிரியருக்கும் அப்படியே தெரிவித்துவிட்டார். வழக்கத்தைப் பற்றிய எங்கள் விளக்கத்தைத் தரவோடு சேர்த்து இணையத்தில் போட்டால் மற்றவர்களுக்கும் உதவும் என்று கேட்டிருந்தார். கேட்காமல் எழுதிய அந்த நாளை மாற்ற வேண்டாம், ஒரு அடிக்குறிப்பு போதும் என்று எழுதியிருந்தார். கடைசியில், உங்கள் மாணவியிடம் அவருடைய தந்தைக்காக நான் வருந்துகிறேன் என்று சொல்லுங்கள் என்றும் ஒரு வரி. மார்த்தாண்டம் வரைக்கும் நான் திட்டிக்கொண்டு வந்த மனிதர்.

அங்கிருந்தே அவளுக்குப் போன் போட்டேன். வண்டிச் சத்தத்தில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. கட்டுரை நிற்கிறது, உன் பட்டத்துக்கு ஒன்றுமில்லை, கல்லூரிக்கு யாரும் எழுதப்போவதில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அந்த நாளை மாற்ற வேண்டாம் என்று அவர் எழுதியதையும், வருத்தம் சொன்னதையும் சொன்னேன். அவள் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"டீச்சர், அப்பம் அப்பா அதுல இருக்காவளா?"

"இருக்காவ மக்ளே," என்றேன். "ஊரும் கூடவே இருக்கு."